என்னைத் தோற்கடித்தவர்களின் பட்டியல்

இந்த நாட்டில் தேசிய சதுரங்கப் பட்டத்தை வெல்ல நிச்சயமான வழி ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டு என்னைத் தோற்கடித்துவிட வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். இருபது ஆண்டுகளாகத் தேசியப் போட்டியில் ஆடி வருகிறேன். பட்டம் வென்றவர் யாராக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு சுற்றில் என் ராஜாவைக் கவிழ்த்துவிட்டுத்தான் மேடை ஏறியிருக்கிறார். ஒரே ஒரு வருடம் டெங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்டதால் போக முடியவில்லை. அந்த வருடம் வென்ற கோலாலம்பூர்க்காரர், போட்டிக்கு முந்தைய வாரம் பினாங்கிலுள்ள மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். பொழுது போகவில்லை என்று என்னைத் தேடி வந்து, தேநீர் ஆறுவதற்குள் என்னை முடித்துவிட்டுப் போனார்.

இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, என் நண்பன். அவனுக்கு வீடும் வேலையும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில். கப்பல் ஏஜெண்டு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. சனிக்கிழமை நண்பகல் லொஹோர் தொழுகை முடிந்ததும் ஃபெர்ரி ஏறி இந்தப் பக்கம், பினாங்குத் தீவுக்கு வந்துவிடுவான். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, அரிசிமணி அளவுள்ள சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் "ரிஜெக்ட்" என்று சொல்வது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அவன் காகிதத்தோடும் நான் கீறலோடும் மாரடித்துவிட்டு, ஆறாவது நாள் ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் சந்திப்போம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் கடைக்கார மாமா மூலை மேசையை எங்களுக்கு விட்டுவிடுவார். அவருக்குச் சதுரங்கம் தெரியாது. கடையில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் ஆள் வரும் என்பது அவருடைய கொள்கை.

அந்தக் கடையில் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு 'எடுப்பு'. அதாவது, வைத்த காயையோ தொட்ட காயையோ ஒரே ஒரு தடவை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாய் திறந்து கேட்கக் கூடாது, அது மானக்கேடு. இரண்டு விரலால் மேசையைத் தட்ட வேண்டும். தட்டினால் எதிராளி முகத்தைச் சுளிக்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை எடுக்காவிட்டால் அது அடுத்த சனிக்கிழமைக்குச் சேராது. இந்தக் கடைசி விதியைச் சேர்த்தவன் நான். இல்லாவிட்டால் அவன் எடுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரு முழு ஆட்டத்தையும் திரும்ப எடுத்திருப்பான்.

பட்டியல் பிறந்ததும் அங்கேதான். எந்த வருடம் யார் சாம்பியன் என்று எங்களுக்குள் ஓயாத தகராறு. கைப்பேசியில் தேடினால் ஒரு பக்கம் ஒன்று சொல்லும், இன்னொரு பக்கம் வேறு சொல்லும். கடைசியில் நானே பழைய முடிவுத் தாள்களையெல்லாம் கிளறி எடுத்து, ஒரு பெரிய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வருடவாரியாக எழுதி, ஐஸ்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். நண்பன் பரோட்டாவைப் பிய்த்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டேய், இவன் அந்த வருஷம் உன்ன அடிச்சான்ல?"

"ஆமா."

"இவனும் அடிச்சான்."

"ஆமா. அதுக்கென்னா இப்ப?"

"இவனும். இவனுந்தான். மச்சான், இது சாம்பியன் லிஸ்ட் இல்லடா. உன்ன அடிச்சவன் லிஸ்ட்!"

கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான். மாமா கல்லாவில் இருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அன்றோடு என் பெயர் கெட்டது. அல்லது, அன்றுதான் எனக்குப் பெயரே கிடைத்தது.

உண்மையில் இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. போட்டியில் ஒன்பது சுற்று. நான் எப்படியும் நான்கைந்தில் தோற்பவன். அதிலும் முதல் இரண்டு சுற்றில் பெரிய தலைகளை என்னைப் போன்ற நடுத்தர ஆட்களோடு கோத்துவிடுவார்கள். பெரிய தலைகளில் ஒருவர்தானே கடைசியில் ஜெயிக்கப் போகிறார்? வருடத்துக்கு இத்தனை பேரிடம் உதை வாங்குகிறவனுக்கு அதில் ஒன்று சாம்பியனுடைய உதையாக அமைவதில் என்ன அதிசயம்? ஆனால் இந்த விளக்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே புகழ், அதை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

செய்தி பரவியது. என்னோடு ஜோடி விழுந்தால் ஆட்கள் முகம் மலர்ந்தார்கள். ஈப்போவிலிருந்து வரும் ஒரு பல் மருத்துவர் ஆட்டம் தொடங்குமுன் என் தோளைத் தடவிக்கொள்வார். பிறகு பேனா வந்தது. ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும் என்பது போட்டி விதி. ஒரு வருடம் ஒருவர் பேனா மறந்து என்னுடையதை வாங்கி எழுதி, என்னையும் அடித்து, பட்டத்தையும் அடித்துவிட்டார். தொழிற்சாலையில் பாதுகாப்பு மாதத்துக்குச் சும்மா கொடுத்த நீலப் பேனா அது. மறுவருடத்திலிருந்து எனக்கு எதிரே உட்காருகிற எல்லாருக்கும் அதுதான் வேண்டும். நான் பென்சிலில் எழுதினேன். பேனாவுக்கு வாடகையாக ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டேன். தோற்பதற்கு முன்பே தேநீர் குடித்துவிடுவது மனசுக்குத் தெம்பு.

இந்த ராசி ஒரே ஒருவனுக்கு மட்டும் கிட்டவில்லை. என் நண்பன் இரண்டு முறை தேசிய அளவில் இரண்டாவதாக வந்தவன். மூன்று முறை மூன்றாவது. ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுடைய ஆசை. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது, வேறு எதற்கும் அவன் ஏங்கி நான் பார்த்ததில்லை. தேநீரை ஊதிக்கொண்டே சுவரைப் பார்ப்பான், பார்த்துவிட்டு என்னைத் திட்டுவான். ஏனென்றால் இருபது ஆண்டுகளில் ஒரு தடவைகூடப் போட்டியில் எங்கள் இருவருக்கும் ஜோடி விழவில்லை.

"உன்னோட ஒரு ரவுண்டு விழுந்தாப் போதும்டா, நான் சாம்பியன். நீ கொஞ்சம் ஒழுங்கா ஆடித் தொலச்சாத்தானே என் மேசைக்கு வருவே?"

ராசியெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை, சும்மா விளையாட்டுக்குத்தான் என்று உடனே சேர்த்துக்கொள்வான்.

இந்த ஆண்டு போட்டி பினாங்குக்கே வந்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபம். நுழைந்ததும் எதிரே, சுவரை அடைத்து ஒரு பதாகை. இத்தனை ஆண்டுகளின் வெற்றியாளர்கள் பெயரெல்லாம் வரிசையாக அச்சிட்டு, கடைசி வரியில் இந்த ஆண்டுக்கு மட்டும் வெற்றிடம். நண்பன் அதன் முன்னால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை.

முதல் சுற்றில் எனக்கு எதிரே ஜொகூரிலிருந்து வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி. ஏர்கண்டிஷனுக்குப் பயந்து ஸ்வெட்டர் மாட்டியிருந்தாள். மரியாதையான பெண்.

"அங்கிள், எல்லாரும் சொல்ற அந்தப் பேனா, எனக்கும் குடுப்பீங்களா?"

கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் என்னைச் சுருட்டிவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்று மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தாள். வழக்கம்போல் வருடம் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இரண்டாவது சுற்றில் எதிராளிக்கு வயிற்றுப்போக்கு, வரவே இல்லை, எனக்கு ஒரு புள்ளி. மூன்றாவதில் எதிராளியின் கைப்பேசி மணி அடித்தது, அடித்தால் அவர் தோற்றவர். அவருடைய அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். நான்காவதிலிருந்து நானே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டேன். நடுவில் ஒன்று தோற்றேன், அது கணக்கில் வராத ஆள். எட்டுச் சுற்று முடிந்தபோது எனக்கு ஆறு புள்ளி. என் ஆயுளிலேயே அதிகம். நண்பன் ஏழு புள்ளியோடு முதலிடம். ஜொகூர்ப் பெண் ஆறரையோடு அவனுக்குப் பின்னால். கடைசிச் சுற்றுக்கான தாளை ஒட்டினார்கள். அவனும் அந்தப் பெண்ணும் முன்பே மோதிவிட்டார்கள், அதனால் முதல் மேசையில் அவனும் நானும்.

அவன் ஜெயித்தால் சாம்பியன். டிரா ஆகிப் புள்ளி சமமானாலும் டை-பிரேக் கணக்கில் முன்னணியில் அவனே. தோற்றால், அந்தப் பெண் தன் ஆட்டத்தில் ஜெயித்தால், பட்டம் அவளுக்கு. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் அன்று சாயங்காலம் அந்த மண்டபத்தில் யாரும் கணக்குப் போடவில்லை.

"விழுந்துட்டேடா! கடைசில என் மேசையில வந்து விழுந்துட்டே!" என்று நண்பன் என்னைக் கட்டிப்பிடித்தான். ஈப்போ பல் மருத்துவர் அவன் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். ஒருவர் எங்கள் இருவரையும் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார், சாம்பியனும் அவருடைய ராசியும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு புள்ளி எடுத்த மனிதன் ஒருவன் அங்கே நிற்கிறான், அவனை ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் நானே தே தாரிக் வாங்கிக் குடித்து வளர்த்த கேலிதான் அது. இருந்தாலும் அன்று கசந்தது.

கிளம்பும்போது நண்பன் என்னை ஓரமாக இழுத்தான்.

"இங்க பாரு. நாளைக்கு நீ உன் ஆட்டத்த ஆடு. எனக்காக விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சுச்சு, செவுள்ள விடுவேன்."

"உனக்கு விட்டுக்குடுக்க எனக்கென்னா பைத்தியமா லா?"

"அதான்" என்றான்.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவிக்கு அவன் கூடப்பிறக்காத அண்ணன். செய்தி கேட்டவுடன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பிப் போய், அத்தனை படியும் ஏறி, அவன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அவன் தொழுகைக்குப் போகிறவன், அவன் பேருக்கு அர்ச்சனையா என்றேன். முருகன் அதெல்லாம் பார்க்க மாட்டார் என்றாள். என் நெற்றியில் திருநீறு பூசவில்லை. அதைப் பொட்டலமாக மடித்து அவனுக்கென்று எடுத்து வைத்தாள்.

"நாளைக்குக் கொஞ்சம் பாத்து ஆடுங்க."

"பாத்துன்னா?"

"பாத்துன்னா பாத்துத்தான்."

காலையில் பக்கத்து மண்டபத்தில் ஒரு மலாய்க் கல்யாணம். எங்கள் கடிகாரங்களைத் தட்டும் நேரத்தில் அங்கே கொம்பாங் மேளம் தட்டத் தொடங்கினார்கள். நண்பன் பேனாவுக்குக் கை நீட்டினான். கொடுத்தேன். பேனாவை ஒரு தடவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, தாளில் தன் பெயரைப் பொறுமையாக எழுதினான்.

மூன்று மணி நேரம் ஆடினோம். நான் நன்றாகவே ஆடினேன். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. ஜொகூர்ப் பெண் தன் ஆட்டத்தை முன்பே ஜெயித்துவிட்டு, ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு எங்கள் மேசையருகே வந்து நின்றாள். இனி நண்பன் தோற்காமல் இருந்தால் போதும். பலகையில் அவன் கை கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். அவனுடைய குதிரைக்குப் பின்னால் அவனுடைய யானை. என் ராணி அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தது. குதிரை அசைந்தால் யானை போச்சு. ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி யானைக்குக் காவலாக வைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அவனுக்கு இது தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

கொம்பாங் சத்தம் உச்சத்தில் இருந்தது. அவன் கை நீண்டது. குதிரையைப் பிடித்தது. ஒரு விரற்கடை தூக்கியது. அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கை அப்படியே நின்றது. குதிரையைத் திரும்ப அதே கட்டத்தில் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டு விரலால் மேசையைத் தட்டினான்.

தட்டியது அவனுக்கே தெரியாது என்று இன்றும் சத்தியம் செய்வேன். இருபது வருடச் சனிக்கிழமை அந்த விரலில் இருந்தது. ஆனால் அது நாசி கண்டார் கடை இல்லை, தேசியப் போட்டி. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கண் கடிகாரத்தில் இருந்தது. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"தொட்டுட்டே."

சொன்னது நான்தான். யோசித்துச் சொல்லவில்லை. கீறலைக் கண்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும். மேலாளரே பக்கத்தில் நின்றாலும் ரிஜெக்ட் ரிஜெக்ட்தான், அதற்குத்தான் சம்பளம். வீட்டில் தோசை ஓரம் கருகினால்கூடச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆனால் முழுப் பழியையும் தொழில்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க மாட்டேன். முந்தின நாள் சாயங்காலம் சிரித்த அத்தனை பேருடைய முகமும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். என்னைத்தான் பார்த்தான், ரொம்ப நேரம் இல்லை. நடுவர் சத்தம் கேட்டு அருகே வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நான் நிரூபிக்கவா முடியும்?

"பிரச்சனை ஒண்ணுமில்ல சார். தொட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரையை எடுத்து நகர்த்தினான்.

நான் யானையை எடுத்தேன். மரியாதைக்காகப் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் ஆடிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினான். முடிவை என் பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூடி போட்டு, பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பட்டம் ஜொகூர்ப் பெண்ணுக்கு. கோப்பையோடு ஓடி வந்து என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். "அங்கிள், உங்க ராசி உண்மைதான்! ஃபர்ஸ்ட் ரவுண்டுல உங்கள ஜெயிச்சேன்ல!" என்றாள். மண்டபமே சிரித்தது. ஆயுளில் ஒரே ஒரு தடவை நான் முதல் மேசையில் ஜெயித்தேன். அப்போதும் சாம்பியன் என்னைத் தோற்கடித்தவள்தான். சிரித்த கூட்டத்தில் நண்பனைத் தேடினேன். அவன் ஃபெர்ரிக்குப் போய்விட்டிருந்தான்.

எனக்கு ஏழாவது இடம், பரிசாக ஒரு ஹேம்பர் கூடை. மனைவி அதைத் தொடவில்லை. கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல் ஐஸ்பெட்டியின் தலையில் ஏற்றி வைத்தாள்.

"அண்ணன் கை தெரியாமப் பட்டதுக்கா?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"விதியாம்!"

அந்த வாரம் முழுக்க எனக்குத் தோசை மட்டும்தான், வேண்டுமென்றே ஓரம் கருக்கி. எட்டாம் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அர்ச்சனையில் அவன் பேருக்கு என்ன நட்சத்திரம் சொன்னாய் என்று கேட்டேன். கரண்டி நின்றது. அவனுடைய நட்சத்திரம் அவளுக்கு எப்படித் தெரியும்? ஐயர் கேட்ட அவசரத்தில் வாயில் வந்த என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பேர் அவனுடையது, நட்சத்திரம் என்னுடையது. முருகன் யாரைப் பார்ப்பார்? அன்றைக்குத் தோசை கருகவில்லை. ஆனால் ஹேம்பர் கீழே இறங்கவும் இல்லை.

மூன்று சனிக்கிழமை அவன் வரவில்லை. நான் போய் மூலை மேசையில் தனியாக உட்கார்ந்தேன். மாமா பட்டியலைக் காட்டி, "இந்த வருஷம் யாரு, எழுதலையா தம்பி?" என்றார். பிறகு எழுதுகிறேன் என்றேன். கைப்பேசியில் அவனைக் கூப்பிட விரல் போகும், திரும்பிவிடும். வீட்டில் பலகையை விரித்து அதே நிலையை வைத்து, அவன் ராஜாவை ஒதுக்கியிருந்தாலும் நான்தான் ஜெயித்திருப்பேன் என்று எனக்கு நானே காட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது தடவை ஜெயித்தேன். கணினியில் போட்டால் ஒரு நொடியில் உண்மை தெரிந்துவிடும். போடவில்லை. பயம்.

நான்காவது சனிக்கிழமை வந்தான். சலாம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை. தே ஓ ஐஸ் ஒன்று சொல்லிவிட்டுக் காய்களை அடுக்கினான். ஆட்டத் தொடக்கத்துக்கு அடுக்கவில்லை. அந்த நிலைக்கு அடுக்கினான். குதிரை, பின்னால் யானை, எதிரே என் ராணி. அடுக்கி முடித்து, இரண்டு விரலால் மேசையைத் தட்டினான்.

"எடுப்பு."

"அது அந்த வாரத்தோட போச்சு. சேராது."

"தட்டுனேனா இல்லையா?"

"தட்டுனே."

"நீ குடுத்தியா?"

"இல்ல."

"அப்ப அது இன்னும் நிக்குது. குடு."

கொடுத்தேன். அவன் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தான்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நினைத்தாலும் முடிந்திருக்காது. அந்த ஆட்டத்தை ஜெயித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்ற நிலை. வீட்டில் நாற்பது தடவை ஜெயித்த வழியையெல்லாம் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவன் அவசரமில்லாமல் அடைத்தான். அவனுடைய சிப்பாய் ஒன்று கட்டம் கட்டமாக நடந்து என் வீட்டுக்குள் வந்து ராணியானது. நான் ராஜாவைச் சாய்த்தேன்.

ஆக, அந்தக் குதிரை அசையாமல் இருந்திருந்தால் அவன்தான் சாம்பியன். இனி எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கண்ணில் என்னவோ வந்துவிட்டது, மிளகாய்க் குழம்பின்மேல் பழியைப் போட்டேன். அவன் முகத்திலோ ஜெயித்த களையே இல்லை.

எழுந்து போனேன். பேனாவை எடுத்து, பட்டியலில் இந்த ஆண்டு வரியில் அவன் பெயரை எழுதத் தொடங்கினேன். முதல் எழுத்து விழுந்ததும் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"யாரு பேர எழுதுறே?"

"உன் பேரத்தான். என்ன அடிச்சவன்தானே சாம்பியன்?"

"அவ பேர எழுது. தொட்டது தொட்டதுதான்."

"மச்சான், நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ சொன்னது சரிதான்டா. ரூல்ஸ் ரூல்ஸ்தான். ஆனா நான் அந்தக் குதிரைய நகத்தியிருக்க மாட்டேன்னு நெனச்சியா? விரலு பழக்கத்துல தட்டிருச்சு. மூணு செகண்டு. மூணு செகண்டு பொறுத்திருந்தா நானே எடுத்து வச்சிருப்பேன்ல? இருவது வருஷமாப் பாக்குறே. அந்த மூணு செகண்டு கூட நீ என்ன நம்பலயே."

அவன் கேட்டது பட்டத்தை இல்லை. மூன்று வாரமாக நான் பலகையில் தவறான இடத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜொகூர்ப் பெண்ணின் பெயரை எழுதினேன். அவனுடைய முதல் எழுத்தை அடிக்க மனம் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தொடர்ந்து அவள் பெயர். பார்ப்பவர்களுக்கு அது அவளுடைய இனிஷியல். அவளுடைய அப்பா பார்த்தால் குழம்புவார். நண்பன் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. உதட்டோரம் ஒன்று அசைந்தது, ஆனால் சிரிக்கவில்லை. பேனாவை என் கையிலிருந்து பிடுங்கித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"அடுத்த வருஷம் வரைக்கும் இது என்கிட்ட. எவனுக்கும் குடுக்கக் கூடாது. அப்பறம், இனிமே எடுப்பும் கெடயாது."

"சரி."

"காய அடுக்கு."

அடுக்கினேன். கடைக்கார மாமா கேட்காமலே இரண்டு தே தாரிக் கொண்டுவந்து வைத்தார். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். எதையோ யோசித்துக்கொண்டே மந்திரியைத் தொட்டுவிட்டேன். தொட்ட பிறகுதான் தெரிந்தது, அது நகர்ந்தால் என் கதை முடிந்தது. விரல் காயின்மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் பார்த்துவிட்டான். தேநீர்க் கோப்பையை எடுத்து, மேலே படிந்திருந்த நுரையை மெதுவாக ஊதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை ஊதுவதற்குள் மந்திரியை நானே எடுத்து நகர்த்தினேன். அந்த ஆட்டத்திலும் தோற்றேன்.